தாத்தாவின் ஹெரால்டா, அப்பாவின் மாருதியா?

கேள்வி: தாத்தாவின் 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அப்பாவின் 1987 மாருதி 800 இரண்டும் ஷெட்டில் நிற்கின்றன. ஒன்றைச் சரிசெய்யத்தான் காசு இருக்கிறது. “மாருதிதான் புதுசு, அதையே பார்” என்கிறான் தம்பி. எது நல்ல வண்டி?
– மந்தைவெளி வாசகர்

பதில்: தம்பி வருஷத்தைப் பார்க்கிறார். நீங்கள் வண்டியின் அடியைப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, ஒரு ஸ்குரூடிரைவரோடு கீழே படுங்கள்.

மாருதிக்கு வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ் தனியாகக் கிடையாது, பாடியேதான் சேசிஸ். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி, கால் வைக்கும் தரை, முன் ஸ்டரட் (முன் சக்கரத்தின் சஸ்பென்ஷன் தண்டு) போல்ட் ஆகும் இடம் மூன்றையும் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் இன்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் பயனில்லை. மேலே தகடு ஒட்டிப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். உள்ளே துரு தின்றுகொண்டேதான் இருக்கும். கடற்காற்று அடிக்கும் பேட்டையில் இதுதான் முதல் சோதனை.

ஹெரால்டு நம் வண்டலூர் பக்கம் செய்த வண்டி. தனிச் சேசிஸ்மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். கெட்டதை மட்டும் கழற்றி டிங்கரிங் செய்யலாம். மட்கார்டோடு பானெட் மொத்தமும் முன்னால் சாயும், நின்றபடியே வேலை பார்க்கலாம். 7.6 மீட்டர் வட்டத்துக்குள் திரும்பிவிடும், மாருதிக்கே 8.8 மீட்டர் வேண்டும்.

ஆனால் ஹெரால்டில் உயிரைக் காவு வாங்கும் இடம் ஒன்று உண்டு: முன் சக்கரத்தின் கீழ் ட்ரன்னியன், அதாவது சக்கரம் திரும்பும் கீழ் மூட்டு. வெண்கலக் கட்டைக்குள் எஃகுத் தண்டு மரையில் திரும்புகிறது. அதற்குப் போடவேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். பழக்கதோஷத்தில் மெக்கானிக் கிரீஸ் அடிப்பார், விடாதீர்கள். கிரீஸ் மரையின் அடிவரை போகாது. அங்கே தண்ணீர் தங்கித் தண்டு அரித்து, ஒருநாள் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது முறிந்து சக்கரம் மடங்கிவிடும். ட்ரன்னியனின் பிளக்கைக் கழற்றி, ஆயில் ஏற்றும் நிப்பிள் மாட்டி, மேலே ஆயில் கசியும்வரை ஏற்றுங்கள். 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை போதும். மழைத்தண்ணீரில் இறங்கி வந்தால் அன்றே.

வளைவுக்குள் நுழைந்தபின் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடவும் கூடாது. பின் சக்கரம் உள்ளே மடங்கி வால் வழுக்கும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறையுங்கள்.

எதை எடுத்தாலும் பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயஃப்ரம் இரண்டையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். இன்றைய 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் பழைய ரப்பர் ஊறிப்போகும்.

தினமும் ஆபீஸ் போக என்றால் மாருதி. இல்லையென்றால், சேசிஸ் திடமாக இருக்கும்பட்சத்தில் ஹெரால்டு, சந்தேகமே வேண்டாம். 50 வயது தாண்டியதால் ‘வின்டேஜ்’ பதிவு செய்யலாம் என்று புரோக்கர் சொல்வார். 20,000 ரூபாய் கட்டணம். அதைக் கட்டியபின் கண்காட்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே தெருவில் இறக்கலாம் என்கிறது 2021 விதி. குடும்பத்தோடு கபாலீஸ்வரர் கோயில்வரை ஓட்ட ஆசை என்றால், பழைய ஆர்.சி.யையே எஃப்.சி. காட்டிப் புதுப்பியுங்கள்.