மாதவிடாய் வலிக்குச் சீன மூலிகை: கேள்வியும் பதிலும்

பினாங்கில் சீன மருத்துவம் பார்க்கிறேன். சீன ஆரம்பப் பள்ளியில் படித்ததால் மொழி வசப்பட்டது, பிறகு அதுவே தொழிலானது. இந்த வாரம் தோழிகள் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

ஈப்போ: அக்கா, எனக்கு 19 வயது. முதல் நாள் வலியில் சுருண்டு படுத்துவிடுகிறேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி, டாங் குவாய் அவித்துக் குடி என்கிறார். குடிக்கலாமா?

டாங் குவாய் நல்ல மூலிகைதான் தங்கை. ஆனால் அது வலி மாத்திரை போல வேலை செய்யாது. சீன மருத்துவத்தில் 'மாதவிடாய் வலிக்கான மருந்து' என்று ஒன்றே ஒன்று கிடையாது. ஓட்டம் தடைபட்டால் வலி என்பது பழைய வாக்கு. எதனால் தடைபட்டது என்பதைத்தான் சின்சே, அதாவது சீன வைத்தியர், முதலில் தேடுவார்.

வெந்நீர்ப் பை வைத்தால் வலி இளகுகிறதா, ரத்தம் கருத்துக் கட்டி கட்டியாகப் போகிறதா? அது குளிர்ச்சியால் வரும் வலி. கருவாப்பட்டை, இஞ்சி போன்ற சூடான சரக்குகள் அதற்குச் சேரும். மாதவிடாய் வருவதற்கு முன்பே மார்பு கனத்து, எரிச்சலும் கோபமும் வருகிறதா? அது வேறு வகை, அதற்குச் சியாங்ஃபூ என்ற கிழங்கு வேண்டும். ரத்தம் நின்றபிறகு மந்தமாக வலித்து, வயிற்றை அழுத்தினால் சுகமாக இருக்கிறதா? அது பலவீனம். டாங் குவாய் முன்னே வந்து நிற்பது இந்த இடத்தில்தான். சுவான்சியோங், பைஷாவ், ஷூதிஹுவாங் ஆகிய மூன்று சீனச் சரக்குகளோடும் அதைச் சேர்த்தால் 'நான்கு சரக்குக் கஷாயம்' ஆகிறது. சோங் அரச காலத்து அரசு மருந்தகத்தின் மருந்து நூலிலேயே இது இருக்கிறது. இங்கே சீனர் வீடுகளில் ரத்தப்போக்கு நின்றபிறகு இதைச் சூப்பாக வைத்துக் கொடுப்பார்கள். வலிக்கும் நேரத்தில் குடிப்பதற்கானது இல்லை. ரத்தம் அதிகம் போகிறவர்களுக்கும், வயிறு இளகிப் போகிறவர்களுக்கும் டாங் குவாய் ஆகாது.

இழுத்துப் பிடிக்கிற வலி என்றால் நாங்கள் முதலில் நினைப்பது பைஷாவும் வறுத்த அதிமதுரமும் சேர்ந்த இரட்டைக் கஷாயம். சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் சாங் சோங்ஜிங் என்ற சீன மருத்துவர் எழுதிவைத்தது. கால் தசை இழுப்புக்கும் அதுதான். அதிமதுரம் தொடர்ந்து எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அதனால் சில நாள் மட்டும்.

ஆதாரம் எவ்வளவு என்றும் தெரிந்துகொள். 2008-ல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் 39 சோதனைகளை, 3,475 பெண்களின் விவரங்களோடு அலசினார்கள். பலன் நம்பிக்கை தருகிறது, ஆனால் சோதனைகளின் தரம் போதாது என்றார்கள். என்னிடம் வரும் எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பப்பையை இறுக்கும் புரோஸ்டாகிளாண்டினைக் குறைப்பதால் ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை வேலை செய்கிறது. அல்சர், ஆஸ்துமா, கிட்னிப் பிரச்சினை இல்லையென்றால் சாப்பாட்டுக்குப் பிறகு அதை எடுத்துக்கொள். வலியைப் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டிய கட்டாயம் எந்தப் பெண்ணுக்கும் இல்லை.

கிள்ளான்: இதய வால்வு மாற்றி வார்ஃபரின் எடுக்கிறேன். டாங் குவாய்?

வேண்டாம். வார்ஃபரின் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, டாங் குவாயும் சேர்ந்தால் ரத்தம் உறையாமல் போகும் ஆபத்து கூடும். சூப்பில் போட்டதும் வேண்டாம்.

சிரம்பான்: நாங்கள் சைவம். சீன மருந்தில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

நல்ல கேள்வி, கேட்காமலே வாங்கிவிடுகிறவர்கள் அதிகம். கடையில் மெழுகு உருண்டைக்குள் விற்கும் ஊஜி பைஃபெங் மாத்திரையின் பெயரிலேயே கோழி இருக்கிறது. எலும்பு வரை கருத்த கோழியை முழுசாகப் போட்டுச் செய்வது. வயிற்றைச் சூடாக்கும் வென்ஜிங் கஷாயத்தில் அஜியாவ் என்ற பசை உண்டு, கழுதைத் தோலைக் காய்ச்சி எடுப்பது. 1830-ல் வாங் சிங்ரென் எழுதிய நூலில் வரும் ஷாவ்ஃபூ கஷாயம் அடிவயிற்று வலிக்குப் பேர்போனது. அதில் ஊலிங்ஷி சேரும், அது பறக்கும் அணிலின் எச்சம். சைவம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சின்சே அவற்றை விட்டுவிட்டு எழுதித் தருவார்.

திருநெல்வேலி: சியாங்ஃபூ என்பது நம் வயல் கோரைக்கிழங்குதானாமே? அப்புறம் ஏன் சீனாவிலிருந்து வாங்க வேண்டும்?

ஒரே செடிதான், சைபெரஸ் ரொட்டண்டஸ். 1596-ல் அச்சான லீ ஷிஜென்னின் மூலிகைப் பெருநூல் அதைப் பெண்கள் மருத்துவத்தின் தலைமைத் தளபதி என்கிறது. வித்தியாசம் பக்குவத்தில். 100 கிலோ கிழங்குக்கு 20 கிலோ வினிகர் கணக்கில் ஊறவைத்து, மேல்தோல் கருக்கும் வரை வறுப்பார்கள். வறுத்த கிழங்கை உடைத்து முகர்ந்தால் கோரை வாசனையோடு லேசான புளிப்பும் மூக்கில் ஏறும். நம் பக்கம் பெரும்பாலும் காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் கொடுக்கிறோம். வயலில் பிடுங்கி அவித்தால் அதே மருந்து ஆகிவிடாது.

தஞ்சாவூர்: சீனர்கள் நம்மிடமிருந்து எடுத்ததுதானே அக்கா? சித்தர்கள் முன்பே சொல்லிவிட்டார்கள்.

சென்னை: எதைப் பார்த்தாலும் நம்முடையது என்று சொல்லாதீர்கள். சீனர்களிடமிருந்து நமக்கு வந்திருக்கலாமே?

இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். கோரை வெப்ப நாடு எங்கும் களையாக முளைக்கிற செடி. காலில் இடறும் செடியை யாரிடமிருந்தும் கடன் வாங்க வேண்டியதில்லை. சரக சம்ஹிதையில் முஸ்தா என்று இருக்கிறது, சீன நூல்களில் வேறு பெயரில் இருக்கிறது. ஒரே கிழங்கைப் பார்த்து இரண்டு நாட்டு வைத்தியர்களும் வேறுவேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இதில்தான் ஆர்வம், யார் முதலில் என்பதில் இல்லை.

தஞ்சாவூர்: சரி அக்கா. ஆனால் வலிக்கு எங்கள் பாட்டி ஆடுதீண்டாப்பாளை கொடுப்பார். சீன மருந்தை விட அது மேல்.

தயவுசெய்து அதை நிறுத்துங்கள். அதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. 1990-களில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கும் மருந்தில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக இதே குடும்பத்துச் செடி தவறிச் சேர்ந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் கிட்னி கெட்டது, பலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் வந்தது. சீனச் செடியானாலும் நம் செடியானாலும் அமிலம் ஒன்றுதான். ஈஸ்வரமூலியும் இதே இனம்.

ஜொகூர், கோயம்புத்தூர், சிங்கப்பூர்: டாங் குவாய் சாப்பிடலாமா?

ஈப்போ தங்கைக்கு எழுதியதை முழுசாகப் படியுங்கள். கருத்தரிக்க முயல்கிறவர்கள் சின்சேயிடமும் மகப்பேறு மருத்துவரிடமும் கேட்காமல் தொடாதீர்கள். இமுசாவ் என்ற மூலிகை கலந்த மாத்திரைக்கும் இதே பதில்.

மலாக்கா: எனக்குக் கொடுத்த பொட்டலம் நன்றாகக் கேட்டது. தங்கைக்கும் கொடுக்கலாமா?

கூடாது. அது உங்கள் உடம்பைப் பார்த்து எழுதியது.

தைப்பிங்: 34 வயது. எட்டு மாதமாகக் கஷாயம் குடிக்கிறேன். ஆண்டுக்கு ஆண்டு வலி கூடுகிறது. அந்த நாட்களில் மலம் கழிக்கும்போதும் குத்துகிறது.

இன்னொரு கஷாயம் எழுதித் தர மாட்டேன். இந்த வாரமே மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் சொல்வது எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய், போலத் தெரிகிறது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் அது இல்லை என்று ஆகாது, அதையும் அவரிடம் கேளுங்கள். முன்பு ஒரு பெண் ஐந்து மாதம் என் கஷாயம் குடித்தார். வலி கொஞ்சம் குறைந்ததால் நானும் சும்மா இருந்துவிட்டேன். பிறகு பார்த்தால் கருமுட்டைப்பையில் கட்டி. அதிலிருந்து, வயது ஏற ஏற வலி கூடினால், உடலுறவில் வலித்தால், இடைநாட்களில் ரத்தம் பட்டால், பரிசோதனை முடியாமல் மருந்து எழுதுவதில்லை.

சுங்கை பட்டாணி: மூன்றே நாளில் வலி போகும் என்று ஆன்லைனில் கருப்பு மாத்திரை விற்கிறார்கள்.

பெட்டியில் MAL என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண்ணும், கடைசியில் T என்ற எழுத்தும், ஹாலோகிராமும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள். பாரம்பரிய மருந்து என்று விற்றவற்றில் ஸ்டீராய்டு கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பட்டர்வொர்த்: சின்சே எழுதிக் கொடுத்துவிட்டார். எப்படிக் காய்ச்சுவது?

மண் சட்டி அல்லது கண்ணாடிப் பாத்திரம், இரும்பும் அலுமினியமும் வேண்டாம். சரக்குக்கு மேல் இரண்டு விரல் நிற்கும்படி தண்ணீர் ஊற்றி அரை மணி ஊறவையுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து அரை மணி. வடிகட்டி, புதுத் தண்ணீர் ஊற்றி இன்னொரு இருபது நிமிடம். இரண்டையும் கலந்து காலை ஒரு பாதி, மாலை ஒரு பாதி, வெதுவெதுப்பாகக் குடியுங்கள். கருவாப்பட்டை இருந்தால் கடைசி ஐந்து நிமிடத்தில் போடுங்கள். முதலிலேயே போட்டால் எண்ணெய் ஆவியோடு போய்விடும்.