கெல்லி கோட்டை: கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பத்து காஜா பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கெல்லி கோட்டைக்கு அழைத்துப் போகலாம் என்றிருக்கிறோம். பெற்றோர் சிலர், "அந்தப் பேய் வீட்டில் என்ன இருக்கிறது, காலி அறைகள்தானே" என்கிறார்கள். அரைகுறையாக நிற்கும் கட்டடத்தில் எதைக் காட்டுவது? அதைக் கட்டி முடித்துவிட்டால்தான் என்ன?

அன்புள்ள டீச்சர்,

கட்டாயம் அழைத்துப் போங்கள். ஆனால் கோட்டையில் தொடங்காதீர்கள். முதலில் அங்கிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போங்கள்.

வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர். இளம் வயதில் மலாயாவுக்கு வந்து, ரப்பரில் பணம் பார்த்து, 1915-இல் இந்த மாளிகையைத் தொடங்கினார். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே நோய் பரவி ஆட்கள் பலர் இறந்தார்கள். 1918 விஷக்காய்ச்சல் என்பார்கள். நோய் என்றால் நம்மவர்களுக்கு மாரியம்மன்தானே? கோயில் கட்டித் தரும்படி துரையிடம் கேட்டார்கள், அவரும் கட்டிக்கொடுத்தார். கோயிலின் மேல் சாமி சிலைகளுக்கு நடுவே வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஒரு துரை நிற்கிறார். அவரைப் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

அப்புறம் கோட்டைக்கு வாருங்கள். அங்கே வேலை செய்தவர்கள் மதராஸ் பக்கத்திலிருந்து வந்த கொத்தனார்கள், 70 பேர் என்று சொல்வதுண்டு. பூச்சு இல்லாத சுவர்களின் அருகில் நின்று வளைவுகளை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். முதலில் மரச்சட்டம் கட்டி, அதன்மேல் செங்கற்களை விசிறி மாதிரி அடுக்கி, சாந்து இறுகிய பிறகு சட்டத்தை உருவிவிடுவார்கள். ஒரு கல் அடுத்த கல்லை நெருக்குவதால்தான் வளைவு நிற்கிறது. பூசி முடித்த மாளிகையில் இந்த வேலை கண்ணில் படாது. இங்கே நூறு வருஷம் கழித்தும் ஒவ்வொரு கல்லாகத் தெரிகிறது. எனக்கு அந்த வீட்டிலேயே பெரிய விஷயம் இதுதான். பேய்க்கும் சுரங்கப்பாதைக்கும் பத்து நிமிஷம் போதும்.

ஆறு மாடிக் கோபுரத்தில் லிஃப்டுக்கு விட்ட இடத்தையும் காட்டுங்கள். மலாயாவின் முதல் லிஃப்டாக இருந்திருக்க வேண்டியது. 1926-இல் ஸ்மித் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்துபோனார். வேலை அப்படியே நின்றது, மனைவி சொத்தை ஹாரிசன்ஸ் அண்டு குரோஸ்ஃபீல்டு கம்பெனிக்கு விற்றுவிட்டார்.

கட்டி முடிக்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது என்பேன். ஒழுகும் கூரையை அடைக்கட்டும், பெயரும் சுவரைக் காக்கட்டும், அது அவசியம். புதுப் பூச்சு பூசிப் பளிங்கு பதித்தால் துரையின் ஆசை வேண்டுமானால் நிறைவேறும், நம் கொத்தனார்களின் கைவேலை மறைந்துபோகும். அவர்கள் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. அந்தச் செங்கல்லாவது வெளியே தெரியட்டும். இதைப் பெற்றோரிடமும் சொல்லுங்கள், முடிந்தால் அவர்களையும் பஸ்ஸில் ஏற்றிக்கொள்ளுங்கள். காலையிலேயே கிளம்பிவிடுங்கள், மதியத்துக்கு மேல் மொட்டைமாடியில் வெயில் தாங்காது.