ரிங்கோ ஸ்டார் பற்றிக் கேளுங்க, டிரம்ஸ்காரன் சொல்றேன்

பாளையங்கோட்டைக்காரன் நான், கோயில் கொடைகளில் மெல்லிசைக் கச்சேரிக்கு டிரம்ஸ் வாசிக்கிறேன். இங்கிலாந்துப் பாட்டுக் குழுவான பீட்டில்ஸின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் பற்றி வந்த கேள்விகளுக்கு பதில் கீழே.

அம்பாசமுத்திரம் தம்பி: அண்ணாச்சி, அவர் டிரம்ஸ் கத்துக்கிட்டது எங்க?

ஆஸ்பத்திரிக் கட்டிலில். 1940-ல் லிவர்பூலில் பிறந்தவர், நிஜப் பெயர் ரிச்சர்ட் ஸ்டார்கி. 6 வயதில் குடல்வால் பிரச்சினையில் பிழைத்ததே பெரிசு, 13 வயதில் காசநோய் வேறு. நோயாளிப் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக ஒரு வாத்தியக் குழு வைத்திருக்கிறார்கள், இவர் நூல்கண்டுக் கட்டையை வைத்துக் கட்டில் பக்கத்து அலமாரியில் தட்டியிருக்கிறார். அதற்கப்புறம் பள்ளிக்கூடம் போகவே இல்லை.

வள்ளியூரிலிருந்து: நான் இடது கைக்காரன். அவரும் அப்படியாமே, செட்டை மாத்திப் போடணுமா?

அவர் மாற்றவில்லை. வலது கை செட்டில் உட்கார்ந்து இடது கையால் தொடங்குவார். முன்னால் இருக்கிற ஸ்நேர் டிரம்மிலிருந்து மற்ற டிரம்களான டாம்களுக்கு ரோல், அதாவது தொடர் அடி, ஓட்டும்போது நமக்கு வலது கை முதலில் நகர்ந்து வழிவிடும், அவருக்கு ஒரு கை இன்னொன்றின் குறுக்கே வரும், அதனால் கொஞ்சம் தாமதித்துத்தான் அடுத்த அடி விழும். அந்த இடைவெளிதான் அவர் வாசிப்பின் ருசி. நானும் ஒருநாள் ரிகர்சலில் இடது கையில் தொடங்கிப் பார்த்தேன், குச்சியோடு குச்சி மோதிக் கீபோர்டுக்காரர் சிரித்துவிட்டார். நீங்களும் மாற்றாதீர்கள் தம்பி, ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகிறபோது கிடைக்கிற செட்டில் உட்கார வேண்டிவரும்.

தென்காசி அக்கா: சேர்ந்த புதுசுல அவரை ஒதுக்கினாங்களாமே?

ஆமாக்கா. 1962 ஆகஸ்டில் சேர்ந்தார், அடுத்த மாதமே ரெக்கார்டிங்கில் தயாரிப்பாளர் வேறொரு டிரம்மரை உட்காரவைத்து இவர் கையில் ஜால்ரா வைத்த கஞ்சிரா மாதிரியான டாம்பரினைக் கொடுத்துவிட்டார். அதே ரிங்கோ 1968-ல் மனம் வெறுத்துக் குழுவை விட்டுப் போய், 2 வாரம் கழித்துத் திரும்பினால் டிரம்ஸ் செட் முழுக்கப் பூ! எங்கள் குழுவில் கோவித்துக்கொண்டு போனால் மறுநாளே டிரம்ஸ் சத்தம் தருகிற மின்கருவியான ரிதம் பேடு வாங்கிவிடுவார்கள்.

களக்காட்டிலிருந்து: இந்தியா வந்திருக்காரா?

அதே 1968-ல் ரிஷிகேஷ் வந்தார், பெட்டி நிறைய டப்பா பீன்ஸோடு. ஏறக்குறைய 10 நாளில் கிளம்பிவிட்டார். காரம், வெங்காயம், பூண்டு எதுவும் ஒத்துக்கொள்ளாத வயிறு. காரமில்லாமல் சொதி வைத்துக் கொடுக்கலாம் என்றால்கூட, பூண்டு போடாமல் நம் ஊரில் யார் சொதி வைப்பார்கள்?