பிரஸ்ஸுக்கு லைட் கர்ட்டன்: டையிலிருந்து எவ்வளவு தள்ளி மாட்டுவது?

கேள்வி: அம்பத்தூரில் சிறிய பிரஸ் பட்டறை நடத்துகிறேன். 63 டன் பிரஸ் இரண்டு இருக்கின்றன. ஒன்று நியூமேட்டிக் (காற்றழுத்த) கிளட்ச், இன்னொன்று பழைய பின் (pin) கிளட்ச். இரண்டுக்கும் லைட் கர்ட்டன் (குறுக்கே கை வந்தால் பிரஸ்ஸை நிறுத்தும் ஒளித்திரை) வாங்கப் போகிறேன். டையிலிருந்து (தகட்டை அழுத்தும் அச்சு) எத்தனை மில்லிமீட்டர் தள்ளி மாட்ட வேண்டும்?

பதில்: முதலில் பின் கிளட்ச் மிஷினை விட்டுவிடுங்கள். அதற்கு லைட் கர்ட்டன் வேண்டவே வேண்டாம். கிளட்ச்சில் உள்ள பின் ஒருமுறை பிடித்துவிட்டால் கிராங்க் முழுச் சுற்றும் சுற்றித்தான் நிற்கும். நடுவில் நிறுத்த வழியில்லை. கர்ட்டன் இருக்கிறதே என்ற தைரியத்தில் ஆபரேட்டர் கையை உள்ளே விடுவார் என்பதுதான் என் பயம். அங்கே டையைச் சுற்றிக் கூண்டு அடித்து, தகடு மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளி விடுங்கள்.

நியூமேட்டிக் கிளட்ச் பிரஸ்ஸை நடுவிலேயே நிறுத்த முடியும் என்பதால் அதற்குத் தாராளமாக மாட்டலாம். டைப் 4 (மிக உயர்ந்த பாதுகாப்பு வகை) கர்ட்டனாகப் பார்த்து வாங்குங்கள். தூரத்தை மட்டும் கண்ணளவில் வைக்காதீர்கள், பிரஸ் நிற்க எடுக்கும் நேரம்தான் அதைத் தீர்மானிக்கிறது. ஐஎஸ்ஓ 13855 தரநிலை, கை நொடிக்கு 2000 மி.மீ. வேகத்தில் வருவதாக வைத்துக் கணக்கிடச் சொல்கிறது. உங்கள் பிரஸ் நிற்க 180 மில்லி செகண்ட், கர்ட்டனுக்கு 15, அதன் சிக்னலை வாங்கிப் பிரஸ்ஸை நிறுத்தும் சேஃப்டி ரிலேவுக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 0.215 நொடி, 2000ஆல் பெருக்கினால் 430 மி.மீ. 14 மி.மீ. தடிமனுள்ள பொருளையே, அதாவது விரலையே, கண்டுபிடிக்கும் 14 மி.மீ. கர்ட்டனுக்கு அது போதும். 30 மி.மீ. கர்ட்டன் என்றால் கை கொஞ்சம் உள்ளே போன பிறகுதான் தெரியும் என்பதால் 128 கூட்ட வேண்டும்: 558. விடை 500ஐத் தாண்டினால் வேகத்தை 1600 என்று வைத்து மறுபடி போடலாம். அப்போது 472 வரும், ஆனாலும் 500க்குக் கீழே போகக் கூடாது. நான் சொன்ன 180 வெறும் உதாரணம். உங்கள் பிரஸ்ஸின் நேரத்தை ஸ்டாப் டைம் மீட்டர் வைத்து அளந்தே ஆக வேண்டும்.

இவ்வளவு தள்ளி மாட்டும்போது இன்னொரு சிக்கல் வரும். கர்ட்டனுக்கும் பெட்டுக்கும் (டை உட்காரும் மேடை) நடுவில் ஒருவர் நுழைந்து நிற்க முடிந்தால், அவர் உள்ளே இருப்பது கர்ட்டனுக்குத் தெரியாது. அந்த இடத்தைக் கம்பியோ தகடோ வைத்து அடைத்துவிடுங்கள். பக்கவாட்டையும் பின்புறத்தையும் அப்படியே.

வயரிங்கில், கர்ட்டனின் இரண்டு அவுட்புட்டும் சேஃப்டி ரிலேவுக்குப் போகட்டும். சாதாரண பிஎல்சி (மிஷினை இயக்கும் கன்ட்ரோலர்) வழியாக எடுக்காதீர்கள். கிளட்ச் வால்வும் இரட்டை வால்வாக இருக்க வேண்டும். ஒற்றை வால்வு சிக்கிக்கொண்டால் ரிலே துண்டித்தும் பிரஸ் இறங்கும்.

அப்புறம், கர்ட்டனோடு வரும் டெஸ்ட் ராடை ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் மேலிருந்து கீழாக மெதுவாக நகர்த்திப் பாருங்கள். எங்காவது ஒரு கணம் பச்சை விளக்கு (தடை எதுவும் இல்லை என்பதன் அடையாளம்) எரிந்தாலும் பிரஸ்ஸை ஓட்டாதீர்கள். பக்கத்தில் பளபளக்கும் தகடு இருந்தால் ஒளி அதில் பட்டுத் திரும்பி, கையைச் சுற்றிக்கொண்டு ரிசீவருக்குப் போய்விடும். பிரேக் லைனிங் தேயத் தேய நிற்கும் நேரம் கூடும் என்பதால், இன்று சரியாக இருக்கும் 430 ஒரு வருடத்தில் போதாமல் போகலாம். லைனிங் மாற்றும்போதெல்லாம், குறைந்தது வருடத்துக்கு ஒருமுறையாவது, நேரத்தை மறுபடி அளந்து மிஷின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.