மரீனாவின் 'வின்ரர் பக்கேஜ்' காசுக்குப் பெறுமதியா?

கேள்வி: இந்த வருஷம் 27 அடிப் பழைய பாய்ப்படகு ஒன்று வாங்கி, கோடை முழுக்க ஒன்ராறியோ ஏரியில் குடும்பமாகச் சுற்றினோம். சமையல், படுக்கை எல்லாம் படகில்தான். டீசல் எஞ்சின். ஒக்ரோபரில் கரையேற்ற வேண்டும். படகு நிறுத்தும் மரீனாவில், குளிர்காலத்துக்குப் படகைத் தயார்பண்ணும் 'வின்ரர் பக்கேஜ்' என்று ஒரு பெரிய தொகை கேட்கிறார்கள். படகு வைத்திருக்கும் நண்பரோ, "ரோஸ் நிற அன்ரிபிறீஸ் (உறையாமல் காக்கும் திரவம்) கொஞ்சம் வாங்கி நீயே ஊற்று, காணும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஸ்காபரோ வாசகர்

பதில்: முதல் வருஷம் எஞ்சினை மட்டும் மரீனாவிடம் கொடுங்கள். அவர்கள் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். மிச்சத்தை ஒரு சனி, ஞாயிறில் நீங்களே முடிக்கலாம்.

காசு கட்ட முதல், அந்தப் பக்கேஜுக்குள் என்னென்ன அடங்கும் என்று வரிவரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பல இடங்களில் எஞ்சினும் தண்ணிக் குழாய்களும் மட்டும்தான். பாய்மரம் இறக்குவது, மூடுவது, கரையில் படகைத் தாங்கி நிற்கும் தாங்குகால்களின் வாடகை எல்லாம் தனித்தனி பில்லாக வரும்; அதற்கு மேல் 13% எச்.எஸ்.ரி. விற்பனை வரி. எழுத்தில் எஸ்ரிமேற் வாங்கி, அது ஒப்பந்தத்திலும் இருந்தால், ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு மேல் 10 வீதத்துக்குக் கூடுதலாக அறவிட முடியாது. நீங்களே பிறகு கூடுதல் வேலைக்கு ஒத்துக்கொண்டால் கதை வேறு. வாய்ப்பேச்சில் விட்டால் ஏப்ரலில் வாக்குவாதம்தான் மிஞ்சும். பில்லைக் கட்டாமல் இழுத்தடிக்கவும் வேண்டாம். படகைப் பிடித்து வைக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

எஞ்சினை ஏன் கொடுக்கச் சொல்கிறேன்? தண்ணி உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் பருக்கும். எஞ்சினுக்குள் அடைபட்டு நின்றால் இரும்பையே பிளந்துவிடும். சில பழைய எஞ்சின்கள் ஏரித் தண்ணியாலேயே நேரடியாகக் குளிர்பவை. அவற்றைச் சூடாக்காமல் அன்ரிபிறீஸை உறிஞ்ச விட்டால் தெர்மோஸ்ராட் (சூடேறினால்தான் திறக்கும் வால்வு) திறக்காது. புகைபோக்கியால் ரோஸ் நிறம் அழகாகக் கொட்டும், நீங்களும் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போவீர்கள். ஏரித் தண்ணியோ எஞ்சின் பிளொக்குக்குள் அப்படியே நிற்கும். உங்களுடையது எந்த வகை என்று மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எண்ணெயையும் வசந்தத்துக்குத் தள்ளாமல் இப்போதே மாற்றச் சொல்லுங்கள்: பழைய எண்ணெயில் சேர்ந்த அமிலம் குளிர்காலம் முழுக்க உள்ளே கிடந்து அரிக்கும்.

அடுத்தது குடிதண்ணி. நண்பர் சொன்ன ரோஸ் நிறச் சாமான் சரியானதுதான். அது புரொப்பிலீன் கிளைக்கோல். காருக்கு ஊற்றும் எதிலீன் கிளைக்கோல் நஞ்சு, அதைக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். ஆனால் போத்தலில் −50 என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்பித் தாராளமாகத் தண்ணி கலக்கக் கூடாது. அது குழாய் வெடிக்காமல் காக்கும் எல்லை. அதுவும் கலப்பில்லாமல் இருந்தால். ஆகவே முதலில் தாங்கியை வடிவாக வடியுங்கள். சுடுதண்ணித் தாங்கியையும் வடித்துவிட்டு, அதற்குள் போகாமல் விலத்திப் போகிற மாதிரி குழாயை மாற்றி இணையுங்கள். இல்லாவிட்டால் அதை நிரப்பவே பல போத்தல் போய்விடும். பிறகு ஒவ்வொரு பைப்பையும் திறந்து ரோஸ் நிறம் வரும்வரை பம்ப் பண்ணுங்கள். பின்பக்க ஷவர் இருந்தால் அதை மறக்க வேண்டாம்.

கழிப்பறைத் தாங்கியைப் படகு தண்ணியில் இருக்கும்போதே உறிஞ்சி எடுப்பித்துவிடுங்கள். கரையேறிய பிறகு அதற்கு ஆள் பிடிப்பது பெரும்பாடு. முழுச் சார்ஜ் உள்ள பற்றரி ரொறன்ரோக் குளிரில் உறையாது, சார்ஜ் இறங்கியது உறையும். ஏற்றிவிட்டு வயரைக் கழற்றி வையுங்கள். பாய்களைக் காயவைத்துக் கழற்றுங்கள். இலை விழுந்து தளத்தின் வடிகால் அடைபடாமல் பாருங்கள். மூடுவதற்கு ஷ்ரிங்க்ராப் (சூடாக்கிச் சுருக்கும் பிளாஸ்ரிக் உறை) போட்டாலும் சரி, தார்ப்பாய் போட்டாலும் சரி, காற்றுப் போக வழி விட வேண்டும். தார்ப்பாயின் கயிற்றைத் தாங்குகாலில் கட்டவே வேண்டாம். காற்றில் தார்ப்பாய் அடிக்க, கால் இழுபட்டுப் படகே சாயும்.

இன்ஷூரன்ஸ் பத்திரத்தையும் ஒருக்கால் எடுத்துப் பாருங்கள். உறைவினால் வரும் சேதத்துக்கு விதிவிலக்கு இருக்கலாம். சில கம்பனிகள் தொழில்முறையாகச் செய்த ரசீதைக் கேட்கும். அப்படி இருந்தால் பக்கேஜை எடுப்பதே புத்தி.

கேள்வி: இலையுதிர்காலத்தில் பழைய படகு வாங்கினால் மலிவாமே?
– மிசிசாகா வாசகர்

பதில்: பேரம் பேச நல்ல காலம்தான். குளிர்காலத்துக்குத் தரிப்பிடக் காசு கட்ட விற்பவருக்கு மனம் வராது. ஆனால் கரையில் நிற்கும் படகை ஓட்டிப் பார்க்க முடியாது. விலையில் ஒரு பகுதியை வசந்தத்தில் எஞ்சின் தண்ணியில் ஓடிக் காட்டிய பிறகு தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால், மே மாதம்வரை பொறுத்திருந்து வேறு படகு பாருங்கள்.