கூடுதல் மரணக் கணக்கு: கேட்டவையும் சொன்னவையும்

கொரோனாவில் இறந்தவர்கள் என்று ஒரு எண், 'கூடுதல் மரணம்' என்று அதைவிடப் பெரிய எண். எதை நம்புவது, சார்?

இரண்டையும் நம்பலாம், இரண்டும் வேறு வேறு கேள்விக்கான விடை. முதல் எண், நோயின் பெயர் பதிவில் ஏறியவர்களை மட்டும் எண்ணுகிறது. பரிசோதனை நடக்காத இடத்தில் பெயர் ஏறாது. இரண்டாவது எண் காரணமே கேட்காது. மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள், தொற்று வராமல் இருந்தால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள், கழித்துவிடு. அவ்வளவுதான். 2020, 2021 இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு சுமார் 1.49 கோடி. நாடுகள் அறிவித்தது 54 லட்சம்.

'இறந்திருப்பார்கள்' என்பது வெறும் ஊகம்தானே?

ஊகம்தான், ஆனால் கணக்குப் போட்ட ஊகம். சண்டையெல்லாம் இங்கேதான் நடக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஒரு கற்பனை ஊர். ஐந்து ஆண்டுகளில் மரணங்கள்: 10,000, 10,200, 10,400, 10,600, 10,800. முதியவர்கள் பெருகுவதால் வருடா வருடம் 200 ஏறுகிறது. ஆறாவது ஆண்டில் 11,500. சராசரியை வைத்துக் கழித்தால் (10,400) கூடுதல் 1,100. ஏறுமுகத்தை நீட்டிக் கழித்தால் (11,000) வெறும் 500. செத்தவர்கள் அதே ஆட்கள்தான், தலைப்புச் செய்தி மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் மாறிவிட்டது.

நிஜத்திலும் இது நடந்தது. 2020, 2021 இரண்டு ஆண்டுக்கும் ஜெர்மனியின் கூடுதல் மரணம் 1,95,000 என்று 2022இல் முதலில் சொன்ன அதே உலக சுகாதார நிறுவனம் பிறகு அதை 1,22,000 ஆக்கியது. 2019இல் அங்கே மரணம் சற்றுக் குறைவு. எதிர்பார்க்கும் மரணத்தைக் காட்டும் வரைகோடு அந்தச் சரிவையே பிடித்துக்கொண்டு கீழே போய்விட்டது. எதிர்பார்ப்பு தாழ்ந்ததும் 'கூடுதல்' வீங்கிவிட்டது. பிழையை ஒப்புக்கொண்டு திருத்தியதால் எனக்கு அவர்கள் மேல் மதிப்பு கூடியதே தவிர குறையவில்லை.

சில நாடுகளுக்கு மைனஸில் வருகிறதே, எழுத்துப் பிழையா?

இல்லை. 2020இல் நியூசிலாந்தில் அப்படி வந்தது. எல்லையை மூடியதில் வழக்கமான குளிர்காலக் காய்ச்சலும் கிட்டத்தட்ட காணாமல் போயிற்று. கூடுதல் மரணம் என்பது வரவும் செலவும் கழிந்த மீதி. ஒரு பக்கம் தப்பியவர்கள் இன்னொரு பக்கம் இறந்தவர்களை மறைத்துவிடலாம்.

அப்படியானால் தொற்றால் நேரடியாக இறந்தவர்களையும், சிகிச்சை கிடைக்காமல் இறந்தவர்களையும் எப்படிப் பிரிப்பது?

அந்த ஒரே எண்ணிலிருந்து முடியாது. வயது, மரணக் காரணம், வாரம் என்று உடைத்துப் பார்க்க வேண்டும். கூடுதல் மரணம் தொற்று அலையோடு சேர்ந்து ஏறி இறங்கினால் பெரும்பகுதி நேரடி என்று எடுக்கலாம். மறைமுகப் பாதிப்பு மெதுவாக, அலை முடிந்த பிறகும் கசியும்.

காசநோயைப் பாருங்கள். உலகளவில் புதிதாகக் கண்டுபிடித்துப் பதிவானவர்கள் 2019இல் 71 லட்சம், 2020இல் 58 லட்சம். நோய் குறையவில்லை, கண்டுபிடிப்பதுதான் குறைந்தது. மருந்து தொடங்காத நோயாளி மற்றவர்களுக்கும் பரப்புவார். அந்த ஆண்டு பல வருடங்களுக்குப் பிறகு முதன்முறையாகக் காசநோய் மரணம் ஏறியது. தள்ளிப்போன புற்றுநோய்ப் பரிசோதனையின் விலையோ அந்த ஆண்டுக் கணக்கிலேயே வராது, அப்புறம்தான் தெரியும்.

2022இலும் கூடுதல் மரணம் இருந்ததே, தடுப்பூசிதான் காரணம் என்கிறார்களே?

அதற்குப் பின் வந்தது என்பதால் அதனால் வந்தது என்று ஆகாது. அப்போதும் தொற்று ஓயவில்லை, காய்ச்சல் திரும்பியது, ஐரோப்பாவில் கடும் வெப்ப அலை அடித்தது. தடுப்பூசியைச் சொல்ல வேண்டுமானால் போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒரே வயதில், ஒரே உடல்நிலையில் வைத்து ஒப்பிட வேண்டும். மொத்த எண்ணைக் காட்டி யாராவது இது நிரூபணம் என்றால், அவர் கணக்கை இன்னும் தொடங்கவே இல்லை.

கடைசி சில வாரங்களில் கூடுதல் மரண வரைபடம் இறங்குகிறது. நல்ல சேதியா?

பெரும்பாலும் பதிவுத் தாமதம். கிறிஸ்துமஸ் வாரத்தில் அலுவலகம் மூடியிருக்கும், பல நாடுகளில் மரணம் சட்டென்று விழுவதுபோல் தெரியும், ஜனவரியில் எகிறும். இங்கிலாந்தில் விசாரணைக்குப் போகும் மரணம் பதிவாகவே மாதக்கணக்கில் ஆகும். நான் வரைபடம் பார்க்கும்போது வலது ஓரத்து நாலு வாரத்தை விரலால் மறைத்துக்கொண்டுதான் பார்ப்பேன்.