வன்னிக்குத் தொண்டு செய்ய வரும் பிள்ளைகளுக்கு: கேள்வி பதில்

இலங்கையின் வடக்கே, வன்னிப் பகுதியில் உள்ள கிளிநொச்சியில் ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். வெளிநாடுகளில் இருந்து கோடை விடுமுறையில் பண்பாட்டுப் பரிமாற்றத்துக்கும் தொண்டுக்கும் வரும் மாணவர் குழுக்களுக்குச் சில ஆண்டுகளாக உள்ளூர்த் துணையாக இருக்கிறேன். இம்முறை வரவிருப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சேர், ஒரு நாள் எப்படிப் போகும்? எத்தனை மணிக்கு எழ வேண்டும்? (டொரொன்டோ மாணவி)

நீங்கள் எழ வேண்டியதில்லை. சேவலும் கோயில் ஒலிபெருக்கியும் ஐந்து மணிக்கே எழுப்பிவிடும். கிணற்றடியில் குளியல், பிட்டும் சம்பலும். பாடசாலை நாள் என்றால் ஏழரைக்குக் காலைக் கூட்டம், ஒன்றரைக்கு மணி அடித்துவிடும். சிரமதானம், அதாவது ஊர் கூடிக் கூலியில்லாமல் பொதுவேலை செய்யும் நாள் என்றால் ஆறு மணிக்கே மண்வெட்டி கையில் இருக்க வேண்டும். பத்து மணிக்குப் பின் வெயிலோடு சண்டை பிடிக்க முடியாது. மதியம் சோறு, பிறகு வேப்பமர நிழல். தென்மேற்கில் இருந்து வீசும் சோளகக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கும்; அதுவும் பரிமாற்றம்தான்.

ஒன்று மறக்க வேண்டாம்: டிக்கெட் எடுக்கும் முன் பாடசாலைத் தவணை நாட்களைக் கேளுங்கள். விடுமுறையில் வந்து இறங்கி, பூட்டிய வாயிற்கதவுக்கு முன் படம் எடுத்துக்கொண்டு போன குழுவும் உண்டு.

எங்கள் குழு ஒரு பாடசாலைச் சுவருக்கு வர்ணம் பூச விரும்புகிறது. (லண்டன்)

எனக்குத் தெரிந்த ஒரு சுவர் ஒரே ஆண்டில் மூன்று முறை வர்ணம் கண்டது. முதலில் வண்ணத்துப்பூச்சி, அதன்மேல் உலக வரைபடம், அதன்மேல் மறுபடியும் வண்ணத்துப்பூச்சி. அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்த மலசலகூடத்தின் கதவுக்குப் பிணைச்சல் இல்லை. மூன்று குழுவில் ஒருவரும் அதிபரிடம் என்ன தேவை என்று கேட்கவில்லை. கடல் கடந்து வந்த பிள்ளைகளிடம் வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை.

ஆகவே கேளுங்கள். முதல் பதிலை நம்பாதீர்கள். "நீங்கள் எது செய்தாலும் நல்லதுதான் பிள்ளைகள்" என்பார்கள், அது உபசாரம். தேநீர் குடித்து முடித்து இரண்டாம் முறை கேட்டால்தான் உண்மை வரும். நூலகப் புத்தகங்களைப் பதிந்து இலக்கமிட ஆள் இல்லை. வாய்க்கால் தூர்ந்து கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டவில்லை. முன்பள்ளிக்கு வேலி இல்லை. இவை படத்தில் அழகாக விழாத வேலைகள்.

சிரமதானத்தில் ஊரவர் முன்னே நிற்பார்கள், நீங்கள் பின்னே நில்லுங்கள். மண்வெட்டியை எப்படிப் பிடிப்பது என்று எட்டாம் வகுப்புப் பையன் உங்களுக்குச் சொல்லித் தருவான். முதல் நாள் உள்ளங்கையில் கொப்புளம் வரும். இடையில் பிளேன்டீயும் பணிசும் வரும். ஆவணி, புரட்டாதியில் வந்தால் குளக்கட்டோரம் பனங்கொட்டை ஊன்றலாம். அந்தப் பனை காய்க்கும்போது உங்களுக்கே பிள்ளைகள் இருப்பார்கள்.

போரைப் பற்றி மக்களிடம் கேட்கலாமா? ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. (ஒஸ்லோ மாணவர்)

கேட்க வேண்டாம். இங்கே பல வீடுகளில் மாலை போட்ட படம் ஒன்றாவது சுவரில் இருக்கும். போர் முடிந்த 2009 மே மாதத்தில் அந்த வீட்டுக்கு என்ன நடந்தது என்பது உங்கள் கட்டுரைக்கான தரவு அல்ல. அவர்களாகச் சொன்னால் கையில் இருக்கும் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். கேட்டதை ஊரில் இன்னொரு வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள். படம் எடுப்பதும் அப்படித்தான்: பிள்ளையைப் படம் எடுக்கும் முன் தாயிடம் கேட்க வேண்டும்.

மிதிவெடி அபாயம் இன்னும் உண்டா? அம்மா பயப்படுகிறார். (ஒரு பெற்றோரும் இரண்டு மாணவர்களும்)

குடியிருப்புகளும் வீதிகளும் வயல்களும் துப்புரவாக்கப்பட்டே மக்களிடம் கையளிக்கப்பட்டன. ஆனால் அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை கண்டால் அங்கேயே திரும்புங்கள். காட்டுக்குள் குறுக்கு வழி தேடாதீர்கள். உலோகத் துண்டு எதையும் நினைவுப் பொருளாக எடுக்காதீர்கள். மலேரியாவுக்கு அம்மா பயப்பட வேண்டாம். இலங்கை மலேரியா அற்ற நாடு என 2016இல் உலக சுகாதார அமைப்பு அறிவித்துவிட்டது. டெங்கு இருக்கிறது, நுளம்புக்குப் பூசும் களிம்பு கொண்டு வாருங்கள்.

மாலையில் எங்கே போகலாம்?

இரணைமடுக் குளக்கட்டு. கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கி 1920 அளவில் கட்டி முடித்தது. கோடையில் நீர் வற்றித்தான் இருக்கும், ஏமாற வேண்டாம். ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரிடம் வண்டியை நிறுத்தாமல் போக முடியாது, வறுத்த கச்சான் (வேர்க்கடலை) வாங்காமலும் போக முடியாது. வைகாசியில் வருபவர்களுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். கடல் நீரில் விளக்கு எரிக்கும் மரபை நேரில் பார்க்கலாம்.

நான் சென்னையில் இருந்து சேர்கிறேன். என் தமிழ் அங்கே புரியுமா, ஐயா?

புரியும். ஆனால் "உங்களிடம் பேச வந்தேன்" என்று சொல்லாதீர்கள். இங்கே பேசுவது என்றால் திட்டுவது, உரையாடுவது கதைப்பது. ஆமாம் என்பதற்கு ஓம். விடைபெறும்போது "போகிறேன்" என்றால் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுருங்கும். போய் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

பழைய உடுப்புகள் இரண்டு பெட்டி நிறையச் சேர்த்திருக்கிறோம், அங்கிள்.

அங்கேயே கொடுத்துவிடுங்கள். பயணப்பொதிக்குக் கட்டும் மேலதிகக் காசில் கிளிநொச்சிக் கடையிலேயே அப்பியாசக் கொப்பிகள் வாங்கலாம். கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கும்.

எங்களில் ஒருவனுக்குத் தமிழ் ஒரு சொல்லும் வராது. அவன் அங்கே என்ன செய்வான்?

முன்பு அப்படி ஒருவன் வந்தான். சிறுபோக (கோடைப் போக) நெல்லைத் தார் வீதியோரம் காயப் போட்டிருந்த அம்மா ஒருவர், அவன் கையில் தடியைக் கொடுத்து மாடு விரட்ட விட்டார். மூன்று பின்னேரமும் அவன் அதைத்தான் செய்தான். நான்காம் நாள் அவனுக்கு மட்டும் தனியாகப் பனங்காய்ப் பணியாரம் வந்தது. எனக்குக் கூடக் கிடைக்கவில்லை.